வேன் வீட்டுக்கு இரும்பு பேட்டரி

தோட்டத்து லயங்களில் ஒரு காலத்தில் எஸ்டேட் ஜெனரேட்டர் நின்றதும் விளக்கும் அணைந்துவிடும். இன்று மலாக்காவின் தஞ்சோங் பிடாரா கடற்கரையில் எஞ்சினை அணைத்து நிறுத்திய வேன் வீட்டுக்குள், இரவெல்லாம் குளிர்பெட்டி ஓடுகிறது, காற்றாடி சுழல்கிறது. இருக்கைக்கு அடியில் இருக்கும் லித்தியம் பேட்டரிதான் காரணம்.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி மின்சாரம் அடங்கும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். 45 வாட் குளிர்பெட்டி நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி செலவாகும். இரவுக் காற்றாடியையும் சேர்த்துக்கொண்டாலும் ஒரு நாள் தாங்கும். மின்காந்த அடுப்பு வேறு கதை. 2,000 வாட் அடுப்பை இன்வெர்ட்டர் வழியே ஓட்டினால் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் பாயும். அதற்கேற்ற தடித்த கம்பி இல்லையென்றால் கம்பியே சூடேறி எரியும். சமையலுக்கு எரிவாயு அடுப்பே நல்லது.

எல்லா லித்தியமும் ஒன்றல்ல. பக்கத்து நெகிரி செம்பிலானில், சிரம்பானில் சாம்சங் எஸ்டிஐ நிறுவனம் 2022இல் புதிய உருளை வடிவ மின்கல ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அத்தகைய மின்கலங்களில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். எடை குறைவு, ஆற்றல் அதிகம். ஆனால் மலாக்கா வெயிலில் நிற்கும் வேனுக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் வகை. அதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை.

இந்த வகைக்கு வழி திறந்ததில் ஒரு தமிழருக்குப் பங்குண்டு. தென்தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். ஆக்சைடுக்குப் பதில் சல்பேட்டைப் பயன்படுத்தியபோது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்த மின்னழுத்தம் 3.6 ஆக உயர்ந்தது. மலிவான இரும்பும் நல்ல பேட்டரி ஆகும் என்பதற்கு அது சான்று. அதைத் தொடர்ந்து 1997இல் குட்இனஃப் குழு இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. 2019இல் குட்இனஃப் நோபல் பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்.

ஆனால் நல்ல மின்கலம் மட்டும் போதாது. தொடராக இணைத்த நான்கு மின்கலங்களில் ஒன்று 3.65 வோல்ட்டைத் தாண்டினாலும், 2.5க்குக் கீழே போனாலும் கெடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, எல்லை மீறினால் மின்னோட்டத்தைத் துண்டிப்பது ‘பிஎம்எஸ்’ என்னும் கட்டுப்பாட்டுச் சுற்று.

பலர் கோட்டைவிடுவது, எஞ்சின் ஓடும்போது மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில்தான். காலியான லித்தியம் பேட்டரி கிடைக்கும் மின்னோட்டத்தையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சூடேறும். நடுவழியில் பிஎம்எஸ் சட்டென்று துண்டித்தாலோ மின்னழுத்தம் எகிறி டையோடுகள் கருகலாம். இடையில் 30 ஆம்பியர் ‘டிசி-டிசி’ சார்ஜர் ஒன்றை வைத்தால் இரண்டு ஆபத்தும் நீங்கும்.

பேட்டரியை எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். பல தயாரிப்பாளர்கள் மின்னேற்றத்துக்கு 45 டிகிரியை வரம்பாகக் குறிக்கிறார்கள். நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸைப் பொருத்துங்கள். இன்வெர்ட்டருக்குப் பிறகு வரும் 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படையுங்கள்.