பிக்அப் வாகனத்தின் முன் சஸ்பென்ஷன்: பாகமும் பொருத்தும் முறையும்

பிக்அப் வாகனத்தின் பின்புறம் பெரும்பாலும் பட்டை வில்களின் மேல் அமர்ந்த ஒற்றை அச்சாக இருக்க, முன் சக்கரங்களோ மேடுபள்ளங்களுக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்கவும், ஸ்டீயரிங்குக்கேற்பத் திரும்பவும் வேண்டியிருப்பதால், முன் சஸ்பென்ஷனில் அசையும் மூட்டுகள் மிகுதி. 1995 முதல் 2004 வரை அமெரிக்காவில் விற்பனையான முதல் தலைமுறை டொயோட்டா டகோமாவில், மேலும் கீழுமாக அமைந்த கண்ட்ரோல் ஆர்ம்கள் என்னும் இரும்புக் கைகள், சேசிஸ் பக்கம் புஷ் எனப்படும் ரப்பர் உருளைகளிலும், சக்கரப் பக்கம் பால் ஜாயின்ட் எனப்படும் உருண்டை மூட்டுகளிலும் பொருந்தியுள்ளன.

இம்மூட்டுகளுள் முதன்மையானது கீழ்ப் பால் ஜாயின்ட். டகோமாவின் அமைப்பில் வண்டியின் எடை இம்மூட்டை அழுத்துவதில்லை. உருண்டையை அதன் கிண்ணத்திலிருந்து வெளியே இழுக்கிறது. மூட்டை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்து நீரும் தூசும் புகுந்தால், கிரீஸ் கெட்டு, உலோகம் தேய்ந்து, இறுதியில் உருண்டை கழன்று சக்கரம் மடிந்துவிடக்கூடும். உற்பத்தியின்போது உருண்டையின் பரப்பில் கீறல் விழுந்திருக்கலாம் என்ற காரணத்தால், 2005இல் டொயோட்டா நிறுவனம் டகோமா உள்ளிட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பள்ளத்தில் இறங்கும்போது எழும் 'டக்' ஒலி, நேர்ச்சாலையிலும் ஒருபுறம் இழுக்கும் ஸ்டீயரிங், ஓரம் மட்டும் தேயும் டயர் ஆகியவை உடனே சோதிக்க வேண்டிய அறிகுறிகள்.

மாற்றும் பணியில் ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துவதும், இறுகிய காயில் ஸ்பிரிங்கை அதற்குரிய கம்ப்ரசர் கருவியின்றிப் பிரிக்காதிருப்பதும் உயிர்காக்கும் விதிகள். ஒரே சாலையில் ஒரே அளவு உழைத்த பாகங்கள் ஏறத்தாழ ஒருசேரத் தேய்வதால், இருபுறமும் இணையாக மாற்றுவதே முறை.

பலரும் தவறவிடும் இடம் புஷ் பொருத்துதல். புஷ்ஷின் உட்குழாயும் வெளிக்குழாயும் நடுவிலுள்ள ரப்பருடன் ஒட்டியிருப்பதால், போல்ட்டை இறுக்கியதும் உட்குழாய் சேசிஸோடு அசையாமல் பிணைந்து, கையின் அசைவு முழுவதையும் ரப்பரே முறுக்கி ஏற்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருந்து, புதிய புஷ்ஷும் விரைவில் கிழிகிறது. எனவே போல்ட்டுகளை முதலில் தளர்வாகப் பூட்டி, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சினால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

கைகள் இடம்பெயர்ந்தால் சக்கரத்தின் கோணங்களும் மாறுமாதலால், முன்னிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரச் சாய்வாகிய கேம்பர், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியும், சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வாகிய காஸ்டர், இரு சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் டோ ஆகிய மூன்றையும் வீல் அலைன்மென்ட் மூலம் சரிசெய்த பின்னரே பணி நிறைவுறுகிறது. செலவு கருதி இதைத் தவிர்ப்பவர், மிச்சப்படுத்திய பணத்தை டயருக்கே கொடுக்க நேரும்.