சாசேஜ் தேசத்தில் பட்டாணிப் புரதம்

ஜெர்மனியின் ரூகன்வால்டர் மியூலே, 1834இல் கசாப்புக் கடையாகத் தொடங்கிய நிறுவனம். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் சாசேஜுக்குப் பேர்போனது. 2014 கடைசியில் இறைச்சியே சேர்க்காத சாசேஜை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. 2020 ஜூலையில் அந்த வகைகளின் விற்பனை, வழக்கமான இறைச்சி வகைகளின் விற்பனையை முதன்முறையாக முந்திவிட்டது.

நாடே மாறிக்கொண்டிருந்தது. 2018இல் ஜெர்மானியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 61 கிலோ இறைச்சி சாப்பிட்டார். 2023இல் அது 52 கிலோவுக்குக் கீழே இறங்கியது.

இந்த மாற்றத்தை உலகம் ஏன் உற்றுப்பார்க்க வேண்டும்? விடை மாட்டின் வயிற்றில் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கச் செய்யும்போது மீத்தேன் உண்டாகிறது. மாடு அதைப் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேற்றுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைப்போல 27 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். ஆய்வாளர்கள் ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி, 2018இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் பெற, சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வாயுக்கள் வெளியாகின்றன. கோழிக்கு 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பட்டாணிக்கு அரைக் கிலோகூட இல்லை.

பட்டாணியை இறைச்சிபோல் மெல்லவைப்பது எப்படி? அதன் புரத மாவைத் தண்ணீர் சேர்த்து, திருகு உருளை சுழலும் எந்திரத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்துத் தள்ளுகிறார்கள். இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவதுபோலத்தான். சுருண்டு கிடந்த புரத மூலக்கூறுகள் சூட்டில் அவிழ்கின்றன. குளிர்ந்த குழாய் வழியே நகரும்போது ஒரே திசையில் படிந்து, தசைநார்போல் இழை கட்டுகின்றன.

ஆனால் தொழில்நுட்பம் மட்டும் மனிதர்களின் தட்டை மாற்றிவிடாது. விலை மாற்றும். லிடில் பல்பொருள் அங்காடி 2023 அக்டோபரில், ஜெர்மனியில் தன் தாவர உணவு வகைகள் பெரும்பாலானவற்றின் விலையை அவற்றுக்கு ஈடான இறைச்சி, பால் பொருட்களின் விலைக்கு இறக்கியது. சில மாதங்களில் அவற்றின் விற்பனை 30 சதவீதத்துக்கும் மேல் கூடியது. பரிமாறும் முறையும் மாற்றும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உணவகங்களில் 90,000க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை ஆராய்ந்தார்கள். நான்கு பதார்த்தங்களில் ஒன்று மட்டும் இறைச்சியில்லாததாக இருந்ததை இரண்டாக்கியதும், அவற்றின் விற்பனை 40 முதல் 80 சதவீதம் வரை உயர்ந்தது. யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கண்முன்னே, கைக்கெட்டும் விலையில் இருந்தால் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை தரும் செய்தி.

இருந்தாலும், ஜெர்மனியின் கணக்கை வகைவாரியாகப் பிரித்தால் ஒரு குறை தெரிகிறது. பெரிதும் சரிந்தது பன்றி இறைச்சிதான்: ஐந்தாண்டுகளில் ஆளுக்குச் சுமார் 8 கிலோ. புவிக்கு அதிகச் சுமையான மாட்டிறைச்சி ஏறத்தாழ ஒரு கிலோதான் குறைந்தது. 2023இல் அந்நாட்டு இறைச்சி உற்பத்தியின் மதிப்பு, மாற்று இறைச்சியைப்போல ஏறக்குறைய 80 மடங்கு. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் 2024இல் வகுத்த உச்சவரம்பு, வாரத்துக்கு 300 கிராம் இறைச்சி. சராசரி ஜெர்மானியர் இன்னும் வாரத்துக்கு ஒரு கிலோ சாப்பிடுகிறார்.