இடத்திற்கு ஏற்ற வலிமை

கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் உடைய புதிய டாங்கிகள் வந்த பின்னரும், பழைய இலகுவகை டாங்கிகளைப் படைகள் உடனே கைவிடுவதில்லை. அதன் காரணத்தை ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

1948-ஆம் ஆண்டில் சோஜி லா கணவாய் பகைவர் வசப்பட்டது. ஏறத்தாழ 11,500 அடி உயரமுள்ள அக்கணவாயே காசுமீரத்திலிருந்து லே நகருக்குச் செல்லும் வழி. செப்டம்பரில் காலாட்படை முயன்றும் அதனை மீட்க இயலவில்லை. பனிக்காலமோ நெருங்கிற்று, வழி திறவாவிடின் லே தரைவழித் தொடர்பின்றித் தனித்து நிற்க நேரும்.

அந்நாளில் இந்தியப் படையிடம் 30 டன் எடையுள்ள ஷெர்மன் டாங்கிகள் இருந்தன. அப்பெருஞ்சுமை குறுகிய மலைப்பாதைக்கு ஏற்றதன்று. ஆதலின் தளபதி திம்மய்யா, அதிற் பாதி எடையே உள்ள பழைய ஸ்டூவர்ட் டாங்கிகளை வரவழைத்தார். பீரங்கிக் கூண்டுகளைக் கழற்றி, அவற்றை மறைவாகக் கொண்டு சென்றனர். சென்னைப் பொறியாளர் படையினர் கோவேறு கழுதைகள் நடந்த பாதையை அகலப்படுத்தினர். நவம்பர் 1-ஆம் நாள் டாங்கிகள் கணவாயில் ஏறின. அவற்றைச் சற்றும் எதிர்பாராத பகைவர் நிலைகுலைந்தனர், கணவாய் மீட்கப்பட்டது. அம்மாதத்திலேயே கார்கிலும் மீண்டது.

பின்னாளிலும், ஆவடியில் உருவான விஜயந்தா என்னும் முதன்மைப் போர் டாங்கியோடு, நீரில் நீந்தவல்ல 14 டன் பிடி-76 டாங்கிகளையும் இந்தியா பேணியது. 1971-இல் ஆறுகள் மலிந்த கிழக்கு வங்கத்தில் அவை பெரிதும் பயன்பட்டன.

மெல்லிய கவசமுடைய இலகு டாங்கி, சமவெளியில் கனத்த டாங்கியோடு எதிர்நின்று பொருதல் அரிது. ஆயினும் பெரியது செல்ல இயலாத இடத்திற்குச் சிறியது செல்லுமெனின், அவ்விடத்தில் அதுவே பெரியது.