வேலியை உடைத்தவன் கடத்தல்காரன். பணம் கொடுப்பது சர்க்கார்!

நடு இரவு. ஒரு கார் பேய் வேகத்தில் பறந்து வருகிறது. பின்னால் போலீஸ் துரத்துகிறது. திடீரென்று அந்தக் கார் ரோட்டை விட்டு இறங்குகிறது. மாட்டுப் பண்ணையின் வேலியை இடித்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. காரில் இருந்தவர்கள் குதித்து, புதர்களுக்குள் ஓடி மறைகிறார்கள்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் 2021, 2022-ம் ஆண்டுகளில் இப்படி அடிக்கடி நடந்தது.

அங்கே ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை. அக்கரை மெக்சிகோ. இக்கரை டெக்சாஸ். கள்ளத்தனமாக ஆற்றைத் தாண்டி வருகிறவர்களை, கடத்தல்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு வடக்கே ஏற்றிப் போவார்கள். எல்லையிலிருந்து சுமார் 70 மைல் தள்ளி, பால்பூரியாஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு முன்பே ஆட்களை இறக்கி விட்டுவிடுவார்கள். பிறகு அவர்கள் பண்ணைகளின் வழியாகச் சுற்றி நடக்க வேண்டும்.

மணல் காடு. கொளுத்தும் வெயில். வழியில் மாண்டவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். தாகம் தாங்காமல் குழாயை உடைத்தவனைத் திட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் குழாய் உடைந்தால் தொட்டி காலி. மாடு தண்ணீருக்குத் தவிக்கும். வேலி அறுந்தால் மாடு ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபடும். இதற்கெல்லாம் பண்ணைக்காரர் யாரிடம் போய்ப் பணம் கேட்பது? கடத்தல்காரனிடமா?

நஷ்டஈடு

2023-ம் ஆண்டு டெக்சாஸ் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. எல்லைக் குற்றத்தால் விவசாய நிலத்தில் சேதம் ஏற்பட்டால் மாநில சர்க்காரே நஷ்டஈடு தரும். ஒரு சம்பவத்துக்கு 75,000 டாலர் வரை கிடைக்கும். இதற்காக 1 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். பயிர், மரம், கால்நடை சேதத்துக்கும் பணம் உண்டு. குற்றவாளியைத் துரத்திய போலீஸ் காரே வேலியை இடித்தாலும் பணம் உண்டு! மனுவை அட்டர்னி ஜெனரல் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

மனுவுடன் போலீஸ் அறிக்கையும் வேண்டும். சிக்கல் இங்கேதான். போலீஸ் துரத்தி வந்த கார் என்றால் அறிக்கை சுலபம். ஆனால் பண்ணை என்பது ஆயிரக்கணக்கான ஏக்கர். வேலி எங்கோ ஒரு மூலையில் அறுந்து கிடக்கும். அறுத்தவன் யார், என்றைக்கு அறுத்தான் என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் வந்து பார்த்து எழுத வேண்டும். அதற்குள் மாடு வெளியே போகாமல் கம்பியையும் இழுத்துக் கட்ட வேண்டும்.