கமான் கட்டு செய்யும் கணக்கு

கரும்பு அரவைக் காலத்தில் திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் போகும் லாரியின் சுமையை, அதன் பின்பக்கக் கமான் பட்டைகளே சொல்லிவிடும். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும்போது அவை நிமிர்ந்து கிடக்கும். கரும்பை இறக்கித் திரும்பும்போது வில்லாக வளைந்து நிற்கும்.

எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு பிணைத்தால் அதுதான் கமான் கட்டு. நீளமான மெயின் பட்டையின் ஒரு முனை சேஸியில் பொருந்தியிருக்க, மறுமுனை ஷேக்கிளில் ஆடும். சுமையேறி வில் நிமிர்ந்தால் நீளம் கூடுமே, அதற்கு இடம் வேண்டும்! பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் வீணல்ல. குலுக்கலை ஓரளவு அடக்குவது அந்த உரசல்தான்.

பட்டைகளின் எண்ணிக்கை இரு மடங்கானால் விறைப்பும் இரு மடங்குதான். தடிமன் இரு மடங்கானாலோ எட்டு மடங்கு. சுமைக்காகப் பட்டை கூட்டிப் போடுகிறவர்கள் இதை மறந்தால், காலி வண்டி ஓட்டுநரின் முதுகைப் பதம் பார்க்கும். தொய்ந்த பட்டையைக் காய்ச்சி வளைத்தால் மட்டும் வேலை முடியாது. எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். தோய்க்காவிட்டால் சீக்கிரமே தொய்யும். தோய்த்தபின் பதப்படுத்தாவிட்டால் ஒடியும்.

அமெரிக்கப் பழைய பிக்கப் பிரியர்கள் செய்வது நேர்மாறு: சுமைக்காகக் கட்டை வலுவாக்காமல், வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துகிறார்கள். 1973-க்குப் பிந்தைய ஷெவர்லே சி10-இல் கமான் கட்டு அச்சின் மேல் இருக்கும். அச்சைக் கட்டுக்கு மேலே மாற்றினால், அச்சுக் குழாயின் பருமனும் கட்டின் பருமனும் சேர்ந்த அளவுக்கு வண்டியின் பின்பக்கம் இறங்கிவிடும். பிறகு பள்ளத்தில் அச்சு சேஸியில் இடிக்கும். அதனால் சேஸியில் வளைவாக வெட்டி, அந்த இடத்துக்கு உறுதித் தகடு வைக்கிறார்கள். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் கோணம் மாறினால் அதிர்வு வரும் என்பதால் பட்டை உட்காரும் தட்டையும் அளந்தே பற்றவைக்க வேண்டும். தோற்றத்துக்காக இத்தனை பாடு!

இந்தியாவில் இப்படிச் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. பட்டையைக் கூட்டினாலும் சட்டப்படி சுமை கூடிவிடாது: நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 2018 வரை 10.2 டன், அதன் பிறகு 11.5 டன்.