டெலிபோன் கூண்டிலிருந்து இறங்கியவர்

வரலாற்றுப் பாடத்தில் பெயிலாகப் போகிற இரண்டு பையன்கள். எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு டெலிபோன் கூண்டு. அதில் ஏறிக் காலத்தைச் சுற்றுகிறார்கள். சாக்ரடீஸ், செங்கிஸ்கான், ஜோன் ஆஃப் ஆர்க், நெப்போலியன், பீத்தோவன், லிங்கன் என்று அகப்பட்டவர்களையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து கலிஃபோர்னியாவின் சான் டிமாஸில் பள்ளிக்கூட மேடையில் நிறுத்துகிறார்கள். பரீட்சை பாஸ். 1989 பிப்ரவரியில் வெளிவந்த 'பில் அண்ட் டெட்'ஸ் எக்ஸலன்ட் அட்வென்ச்சர்' படத்தின் கதை இவ்வளவுதான். டெட் ஆக நடித்த கியானு ரீவ்ஸைத் தெரியாதவர் இல்லை. பில் ஆக வந்த சுருட்டைமுடிப் பையன் அலெக்ஸ் வின்டர். அவர் எங்கே போனார் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கும் போகவில்லை, கேமராவுக்குப் பின்னால் போனார்.

அந்தப் படமே திரைக்கு வராமல் போயிருக்கும். 1987-லேயே எடுத்து முடித்துவிட்டார்கள். வெளியிடுவதற்குள் தயாரிப்பு நிறுவனம் திவாலாகிவிட்டது. பெட்டிக்குள் கிடந்ததை ஓரியன் நிறுவனம் வாங்கி வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடி டாலர் வசூல். கதை எழுதியபோது கால இயந்திரம் ஒரு வேனாகத்தான் இருந்தது. 'பேக் டு தி ஃப்யூச்சர்' படம் அதற்குள் ஒரு காரை வைத்துக் காலப்பயணம் போய்விட்டதால் வேன் கூண்டாக மாறிற்று.

உதைப்பவர் ஒருவர், உதை வாங்குபவர் ஒருவர் என்பது இரட்டையர் காமெடியின் பழைய கணக்கு. பில்லும் டெட்டும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். இரண்டு பேருமே மக்குகள், இரண்டு பேருமே நல்லவர்கள். ஒருவன் மண்டையில் ஒன்று உதித்தால் மற்றவன் மனமார வியப்பான். இருவரும் சேர்ந்து கையில் இல்லாத கிதாரை மீட்டுவார்கள். இப்படிப்பட்ட ஜோடியில் எதிரில் இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவன்தான் காட்சியைத் தாங்குகிறான். வின்டரின் முகத்தை மறுபடி பார்த்தால் தெரியும்: பாதி நேரம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

1991-இல் இரண்டாம் பாகம் வந்தது. பில்-டெட் வீடியோ கேம் ஒன்றின் விளம்பரத்துக்காக, படத்தில் வந்த கூண்டையே ஒரு நின்டென்டோ பத்திரிகை பரிசுப் போட்டியில் கொடுத்துவிட்டது. அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் ஆற்றாமையும். பின்னாளில் பழைய பொருள்களைக் காப்பாற்றுவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டவரின் வாழ்க்கையில் முதலில் கைவிட்டுப் போனது அதுதான்.

வின்டர் 1965-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் நடனக் கலைஞர்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின், பள்ளிப் பருவத்திலேயே பிராட்வே மேடையில் நின்றுவிட்டார்: யூல் பிரின்னர் நடித்த 'தி கிங் அண்ட் ஐ', பிறகு சாண்டி டங்கனின் 'பீட்டர் பான்'. ஆக, பில் வேடத்தில் உலகம் பார்த்தது புதுமுகத்தை அல்ல, ஒரு பழைய குழந்தை நட்சத்திரத்தை. இடையில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். இயக்கும் ஆசை வெற்றிக்குப் பிறகு தலைக்கேறியதல்ல, முன்பிருந்தே இருந்தது.

அந்த ஆசைக்குக் கிடைத்த முதல் பெரிய அடி 'ஃப்ரீக்டு'. டாம் ஸ்டெர்னுடன் சேர்ந்து எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தார். நாயகன் யார் தெரியுமா? மவுசு போன ஒரு முன்னாள் குழந்தை நட்சத்திரம். காசுக்காக ஒரு பெரிய நிறுவனத்தின் நச்சு உரத்துக்கு விளம்பரத் தூதராகப் போய், அந்த உரத்தாலேயே பாதி உடம்பு விகாரமாகி, காட்சிப் பொருளாக அடைபடுகிறான். தாடி வைத்த பெண்ணாக மிஸ்டர் டி, நாய்மூஞ்சிப் பையனாக முழு முகத்தையும் ரோமத்துக்குள் மறைத்துக்கொண்டு, பெயரும் போடாமல், கியானு ரீவ்ஸ். படம் ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக எடுத்தது, பட்ஜெட் கோடிக்கணக்கான டாலர். நடுவில் நிறுவனத்தின் தலைமை மாறியது. புதிதாக வந்தவர்களுக்குப் படத்தைப் பிடிக்கவில்லை. 1993-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களில் பேருக்கு ஓட்டிவிட்டு மூடிவிட்டார்கள். ரசிகர்கள் வீடியோ கேசட்டில்தான் அதைக் கண்டெடுத்தார்கள். நல்ல படமா என்று கேட்டால், எல்லாருக்கும் செரிக்காது என்பேன். அடங்காத பிள்ளை மாதிரியான படம்.

அதற்குப் பிறகு விளம்பரப் படங்கள், தொலைக்காட்சி வேலைகள், 1999-இல் 'ஃபீவர்' என்ற இருண்ட த்ரில்லர். முகம் மெல்ல மறைந்தது. அன்றைய நிலவரம் அப்படி: ஒரு அலுவலகத்தில் நாற்காலி மாறினால் உங்கள் மூன்று வருட உழைப்பு போச்சு.

அதே 1999-இல்தான் நாப்ஸ்டர் வந்தது. பாட்டை இணையத்தில் ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வழி செய்து, இசைத் தொழிலை இரண்டே ஆண்டில் கதிகலங்க வைத்த மென்பொருள். வின்டர் இதை முதலில் கதைப்படமாகத்தான் எடுக்க நினைத்தார், நடக்கவில்லை. பத்து வருடம் கழித்து, அதே விஷயத்தை உண்மை மனிதர்களின் வாயால் சொல்லும் ஆவணப்படமாக, 'டவுன்லோடட்' என்று 2013-இல் கொண்டுவந்தார். நாப்ஸ்டரைத் தொடங்கிய ஷான் ஃபேனிங்கும் ஷான் பார்க்கரும் அதில் பேசுகிறார்கள். நாற்பத்தேழு வயதில் புதுத் தொழில்.

அதிலிருந்து வரிசையாக: இணையத்தின் இருட்டுச் சந்தையான சில்க் ரோட்டைப் பற்றி 'டீப் வெப்' (2015), அதற்குப் பின்னணிக் குரல் பழைய நண்பர் ரீவ்ஸ்; 2018-இல் 'தி பனாமா பேப்பர்ஸ்'; பிறகு 'தி யூடியூப் எஃபெக்ட்'. சில்க் ரோடு நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டுக்குப் படம் வந்த வருடமே ஆயுள் தண்டனை விழுந்தது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார். அந்தப் படம் குற்றவாளியின் குடும்பத்துப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்கிறது என்பது என் அபிப்பிராயம். காது கொடுத்துக் கேட்கிறவருக்கு வரும் வியாதி அது.

2020-இல் வந்த இரண்டு ஆவணப்படங்களில்தான் வின்டர் முழுதாகத் தெரிகிறார். ஒன்று, இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவைப் பற்றிய 'ஜாப்பா'. 1993-இல் இறந்த ஜாப்பா, லாஸ் ஏஞ்சல்ஸ் லாரல் கேன்யன் வீட்டின் அடியில் ஒரு நிலவறை நிறையத் தன் ஒலிநாடாக்களையும் பிலிம் சுருள்களையும் விட்டுப்போயிருந்தார். மனைவி கெயில் அதை வின்டருக்குத் திறந்துவிட்டார். உள்ளே போனால் பல சாமான்கள் அழிவின் விளிம்பில். பழைய காந்த நாடா ஈரம் குடித்தால் அதன் பசை இளகிவிடும். அப்படியே ஓட்டினால் ஒலி பதிந்த பூச்சு மெஷினில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். நமுத்த அப்பளத்தை வெயிலில் காட்டுவதுபோல, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து, ஈரம் திரும்புவதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கும் முன் இதற்குப் பணம் வேண்டும். 2016-இல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் கை நீட்டினார்; எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 11 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணம் முதலில் போனது நிலவறையைக் காப்பாற்றுவதற்கு. படம் அப்புறம்.

'ஃப்ரீக்டு' படத்தைப் பூட்டிப் போட ஒரு நிறுவனத்தின் முடிவு போதுமாக இருந்தது. 'ஜாப்பா'வைத் தூக்கி நிறுத்தியது முகம் தெரியாத எட்டாயிரம் பேர். இடையில் ஓடிய இருபத்து மூன்று வருடத்தில் தொழில் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதைவிட ஒரு கணக்கு தேவையில்லை. அதற்காக இன்று சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று ஒரு ஆளிடம் கெஞ்சினால் போதும். இன்று எட்டாயிரம் பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எச்.பி.ஓ.வுக்காக எடுத்த 'ஷோபிஸ் கிட்ஸ்'. குழந்தை நட்சத்திரங்களின் கதை. 'ஈ.டி.' படத்தில் சிறுவனாக நடித்த ஹென்றி தாமஸ், வில் வீட்டன், மாரா வில்சன், இவான் ரேச்சல் வுட் எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். மௌனப்பட காலத்தில் 'பேபி பெக்கி'யாகக் கொடிகட்டிப் பறந்த டயானா செர்ரா கேரியும் பேசுகிறார். பால்மணம் மாறாத வயதில் நடிக்கத் தொடங்கி, லட்சக்கணக்கில் சம்பாதித்து, அதில் ஒரு காசும் தன் கைக்கு மிஞ்சாமல், பிற்பாடு துணை நடிகையாகக் கூட்டத்தில் நின்றவர். படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 101 வயதில் காலமானார்.

சிறுவயதில் நடித்த நாட்களில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைப் பற்றி வின்டர் 2018-இல் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் இந்தப் படத்தில் தன்னைப் பேட்டி நாற்காலியில் உட்காரவைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், அவர் கேட்கிறார். முப்பது வயதாகுமுன் ரப்பர் முகமூடி மாட்டிக்கொண்டு, காட்டுக்கூச்சல் போட்டு, கேலியாக ஒரு குழந்தை நட்சத்திரத்தின் சிதைவைச் சொன்னவர், ஐம்பத்தைந்தை எட்டும் வேளையில் அதையே முகமூடி இல்லாமல், குரலை உயர்த்தாமல் சொல்லியிருக்கிறார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், 'ஃப்ரீக்டு' திடீரென்று அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

நடிப்பை அவர் அறவே விட்டுவிடவும் இல்லை. அதே 2020 ஆகஸ்டில், கொரோனாவால் பல தியேட்டர்கள் மூடிக்கிடக்க, 'பில் அண்ட் டெட் ஃபேஸ் தி மியூசிக்' வந்தது. பில்லுக்கும் டெட்டுக்கும் அதில் வயதுக்கு வந்த மகள்கள். காலத்தைச் சுற்றி வரலாற்று மனிதர்களைத் திரட்டுவது இந்தமுறை மகள்களின் வேலை.

2025 செப்டம்பரில், நியூயார்க் ஹட்சன் தியேட்டரில் சாமுவேல் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ'. இயக்கியவர் ஜேமி லாய்ட். எஸ்ட்ரகானாக ரீவ்ஸ், விளாடிமிராக வின்டர். பள்ளிப் பையனாக நின்ற பிராட்வேயில் அறுபது வயதில் மறுபடி. மேடையில் மரம் இல்லை. ராட்சதக் குழாய் மாதிரி ஒரு சுரங்கம், அதன் வாயில் தொப்பி போட்ட இரண்டு பேர், வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். நாடகத்தின் நடுவே ஒரு கணம் இருவரும் முதுகோடு முதுகு சாய்த்து, கையில் இல்லாத கிதாரை ஒரே ஒரு தடவை மீட்டுகிறார்கள். அரங்கம் ஆரவாரிக்கிறது. அவர்கள் மறுபடி காத்திருக்கப் போய்விடுகிறார்கள்.