‘கிளச் போட்டுது’ என்று சொல்லப்பட்ட கார்

2013 பங்குனியில் வவுனியாவில் உறவினர் ஒருவரின் வளவுக்குள் நின்ற மொறிஸ் மைனர் காரைப் பார்க்க அம்மாவும் நானும் போனோம். அது அப்பாவின் கார். 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 948 சிசி என்ஜின். 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டபோது டிங்கர் வேலைக்காக வவுனியாவில் நின்றது, அங்கேயே நின்றுவிட்டது. அதன் பிறகு கிளிநொச்சி, தருமபுரம், சுதந்திரபுரம், முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் என்று நாங்கள் போன இடம் எதற்கும் அது வரவில்லை. அப்பாவும் சுதந்திரபுரத்துக்கு அப்பால் வரவில்லை. வன்னிக்குள் எங்களிடம் இருந்தவை எல்லாம் போக, பாதைக்கு மறுபக்கம் அகப்பட்ட இந்த ஒன்று மட்டும் மிஞ்சியது.

பழைய வாகனங்கள் வாங்கும் ஒருவரை உறவினர் ஏற்கெனவே வரச்சொல்லியிருந்தார். பக்கத்துக் கராச்சில் இருந்து பற்றரி கொண்டுவந்து என்ஜினை இயக்கியும் வைத்திருந்தார்கள். வந்தவர் ஏறி இருந்து பெடலை மிதித்து கியரைத் தள்ளினார். ‘கறகற’ என்ற சத்தம்தான் வந்தது, கியர் விழவில்லை. இறங்கி அம்மாவிடம் சொன்னார்: “அக்கா, கிளச் போட்டுது. என்ஜின் இறக்கோணும். செலவுக்குக் கட்டாது. இரும்பு விலைக்குத் தாங்கோ, நான் ஏத்திக்கொண்டு போறன்.”

வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கதவு போடக் காசில்லாத நேரம். அம்மா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். ஒரு கிழமை தவணை கேட்டது நான்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கும்வரை பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் எங்கள் பக்கத்து வளவுகளில் நிற்கும் பழைய கார்களும் உழவு இயந்திரங்களும் இன்னமும் இந்த ஒரு வசனத்தில் கைமாறிப் போகின்றன. ‘கிளச் போட்டுது’ என்பது ‘உடம்பு சரியில்லை’ என்பது போலத்தான். எந்த இடத்தில், என்ன என்று அது சொல்வதில்லை.

என்ஜினின் பின்னால் பிளைவீல் என்ற கனமான இரும்புத் தட்டு சுற்றுகிறது. கியர் பொக்ஸில் இருந்து வரும் தண்டில் கிளச் பிளேற் இருக்கிறது. பிறஷர் பிளேற் தன் ஸ்பிறிங் பலத்தால் இந்தப் பிளேற்றைப் பிளைவீலோடு நெரித்துப் பிடித்திருக்கும்வரை இரண்டும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் பிடி விடுபடும். ஆகவே கிளச்சுக்கு வரக்கூடிய பெரிய வருத்தங்கள் இரண்டு: பிடியை விடாமல் இருப்பது, பிடிக்காமல் வழுக்குவது. இரண்டும் எதிரெதிரானவை. எது என்று தெரியாமல் என்ஜினை இறக்கக்கூடாது.

பிடி விடுகிறதா என்று பார்க்க என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து றிவேர்ஸைப் போட வேண்டும். பொறுப்பது முக்கியம். மொறிஸ் மைனரில் முதலாம் கியருக்கும் றிவேர்ஸுக்கும் சிங்க்ரோ இல்லை, அவசரப்பட்டால் நல்ல கிளச்சும் கறகறக்கும். எங்கள் காரில் பொறுத்த பிறகும் விழவில்லை. அப்படியானால் பிடி விடவில்லை என்று அர்த்தம்.

அதற்கும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மிதியின் அசைவு கிளச்சுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம், அல்லது பிளேற் துருவால் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். மைனரில் பெடலில் இருந்து கிளச்வரை இரும்புக் கம்பிகளும் ஒரு குறுக்குத் தண்டும்தான், ஹைட்ரோலிக் எண்ணெய் கிடையாது. இதே ஏ-சீரீஸ் என்ஜின் போட்டு 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற விளையாட்டுக் காரில் கிளச் ஹைட்ரோலிக்கால் இயங்கும். அங்கே என்றால் முதலில் எண்ணெய்க் கசிவைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கண்ணால் பார்த்தாலே போதும்.

அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் இருத்திப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். அத்தனை வருடத்தில் அம்மா அந்த இருக்கையில் இருந்தது அதுதான் முதல் தடவை. பெடல் பாதிக்கு மேல் போன பிறகுதான் கீழே நெம்பு அசையத் தொடங்கியது. குறுக்குத் தண்டின் புஷ்கள் தேய்ந்து போயிருந்தன. புஷ்ஷை மாற்றி, நட்டை முறுக்கி அசைவைச் சரிசெய்தேன். கியர் இன்னும் விழவில்லை. அப்போ துருவும் இருக்கிறது.

ஏழு மாரி நனைந்த காருக்கு அது ஆச்சரியமில்லை. பெடலை மிதித்தபடி மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து இரவு முழுக்க விட்டோம். சில நேரம் அதோடேயே விட்டுவிடும். விடவில்லை. பிறேக்கை முழுதாகத் திருத்திய பிறகு, என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, வெறும் வெளியில் இரண்டாம் கியரைப் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்ரார்ட்டரை இழுத்தேன். கார் துள்ளிக்கொண்டு ஓடியது. அக்சிலேற்றரைக் கொடுத்துக் கொடுத்து விட, மூன்றாவது சுற்றில் ‘டக்’ என்று பிளேற் கழன்றது. பிறேக் சரியில்லாத வாகனத்தில் யாரும் இதைச் செய்யக்கூடாது. பிளேற் கழலும்வரை இக்னிஷனை நிறுத்தினால்தான் என்ஜின் நிற்கும்.

ஏ9 வழியாகக் கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். கனகராயன்குளம் தாண்டியதும் அடுத்த வருத்தம் தொடங்கியது. அக்சிலேற்றரை மிதித்தால் என்ஜின் இரைகிறது, கார் வேகம் எடுக்கவில்லை. இப்போது கிளச் வழுக்குகிறது.

வழுக்கலை உறுதிப்படுத்த, சமதரையில் ஹான்ட் பிறேக்கை இறுக்கிப் பிடித்து, மூன்றாம் கியரில் போட்டு, சற்று அக்சிலேற்றர் கொடுத்துப் பெடலை மெல்ல விட வேண்டும். நல்ல கிளச் என்றால் என்ஜின் அடைத்து நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் வழுக்கல். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் பிளேற் கருகும். எங்கள் என்ஜின் நிற்கவில்லை.

முதல் பிழை என்னுடையதுதான். பிடி விடவேண்டும் என்ற அவசரத்தில் நட்டை அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருந்தேன். பெடலின் மேற்பகுதியில் சும்மா அசையும் இடம் ஒன்று இருக்க வேண்டும், மைனரில் மொடலுக்கு ஏற்ப முக்கால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம்வரை. அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளச் பாதி மிதித்தபடியே இருக்கும். வழியோரத்தில் நிறுத்தித் தளர்த்தினேன். வழுக்கல் குறைந்தது, ஆனால் என்ஜின் சூடானதும் திரும்ப வந்தது. சூட்டோடு கூடும் வழுக்கல் என்றால் பிளேற்றில் ஒயில் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் சின்னத் துளை ஒன்றும் அதில் தொங்கும் ஸ்பிளிட் பின் ஒன்றும் உண்டு. பின் ஆடிக்கொண்டிருந்தால் துளை அடைபடாது, கசியும் ஒயில் வெளியே சொட்டிவிடும். எங்கள் துளையைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. குத்தித் திறந்ததும் கறுப்பாக ஒழுகியது.

இந்த ஒயில் ஏன் வந்தது என்பதற்கு என் கணிப்பு ஒன்று உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் எங்கள் பக்கத்தில் மருந்து போல் ஆனது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார் அப்பா. அழுத்தம் குறைந்த பழைய என்ஜின்கள் அதைத் தாங்கின. அதனால்தான் தொண்ணூறுகளில் எங்கள் வீதிகளில் மொறிஸும் ஒஸ்ரினும் ஓடின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி என்ஜின் ஒயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். தண்ணியான ஒயிலில் சிலிண்டர் தேயும். தேய்ந்த என்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடி ஒயிலை வெளியே தள்ளும். ஏ-சீரீஸ் என்ஜினின் பின்பக்கத்தில் ரப்பர் சீல் இல்லை, தண்டில் வெட்டிய புரிதான் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அதற்கும் மிஞ்சிய ஒயில் நேரே கிளச்சுக்குத்தான் போகும். தடைக்காலத்து மண்ணெண்ணெய் 2013இல் கனகராயன்குளத்தில் வழுக்கியது என்றுதான் நினைக்கிறேன். (அதே தொண்ணூறுகளில், இதே தீவின் தெற்கில், மைனருக்கான உதிரித் தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது.)

சத்தத்தையும் கேட்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைந்தால் ரிலீஸ் பெயரிங். மிதித்தால் அடங்கி, விட்டால் இரைந்தால் கியர் பொக்ஸின் முன் பெயரிங். மைனரின் ரிலீஸ் பெயரிங்கில் உருளைகள் இல்லை, அது ஒரு கரி வளையம். மிதித்துக்கொண்டே நிற்பவரின் காரில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி வரிசையில் அப்பா ஒருநாளும் கிளச்சை மிதித்தபடி நிற்கமாட்டார். நியூற்றலில் போட்டு என்ஜினை நிறுத்திவிடுவார். வரிசை நகர்ந்தால் நானும் தம்பியும் இறங்கித் தள்ளுவோம். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

துளையைத் திறந்த பிறகு, மலைபோல் பாரம் ஏற்றாமல், கார் ஓடியது. அம்மாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, இரண்டு கலியாணங்களுக்கு ஹயர் போனது. 2014இல் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் என்ஜினை இறக்கினோம். பிளேற் ஒயிலில் ஊறிப்போயிருந்தது. கரி வளையத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. என்றாலும் என்ஜின் வெளியே வந்தால் பிளேற், பிறஷர் பிளேற், கரி மூன்றையும் ஒன்றாக மாற்றுவதுதான் புத்தி, மாற்றினோம்.

கயிற்றில் தொங்கிய என்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா கேட்டார்: “அப்ப அந்த மனுசன் சொன்னது சரிதானேடா? என்ஜின் இறக்கத்தானே வேண்டிவந்தது?”

“ஓமம்மா, சரிதான். ஆனா ஒரு வருசம் ஓடின பிறகு” என்றேன்.